இடுப்பு மூட்டு ஜவ்வுக் கிழிசல்: கண்டறிதலும் சிகிச்சையும்

‘இடுப்பு வலி’ என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் முதுகின் அடிப்பாகத்தையே தொட்டுக் காட்டுகிறோம். மருத்துவர்கள் ‘இடுப்பு மூட்டு’ என்று சொல்வது வேறு இடத்தை. தொடை எலும்பு உடம்போடு சேரும் இடமே இடுப்பு மூட்டு. அந்த மூட்டு பழுதானால் வலி பெரும்பாலும் முன்பக்கம், தொடை இடுக்கில்தான் தெரியும். இந்தச் சொல் குழப்பத்தால் மூட்டில் நோய் இருக்க முதுகுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு, பணத்தையும் காலத்தையும் இழப்பவர்கள் நம் வணிகர்களில் பலர் உண்டு.

நான் மருத்துவன் அல்ல, மொத்த வியாபாரி. மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே தொகுத்துத் தருகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் தமக்குத் தாமே வைத்தியம் செய்துகொள்ள வேண்டாம். மருத்துவரிடம் நோயைச் சரியாகச் சொல்லவும், அவர் சொல்வதைப் புரிந்துகொண்டு கேள்வி கேட்கவும் இது உதவினால் போதும்.

மூட்டின் அமைப்பு

ஆட்டுக்கல்லின் குழியில் குழவி சுழல்வதை நினைத்துக்கொள்ளுங்கள். இடுப்பு மூட்டும் அப்படித்தான். தொடை எலும்பின் மேல்முனை பந்து போல் உருண்டிருக்கிறது. இடுப்பெலும்பில் அதற்கேற்ற கிண்ணம் இருக்கிறது. இரண்டின் மேற்பரப்பிலும் வழுவழுப்பான குருத்தெலும்பு படிந்திருப்பதால் எலும்போடு எலும்பு உராய்வதில்லை.

இதைத் தவிர, கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி நார்த்தன்மை கொண்ட குருத்தெலும்பு வளையம் ஒன்று இருக்கிறது. மருத்துவர்கள் இதை ‘லேப்ரம்’ என்பார்கள். நாம் பேச்சு வழக்கில் ஜவ்வு என்கிறோம். பிரஷர் குக்கரின் மூடியில் உள்ள ரப்பர் கேஸ்கட் செய்யும் வேலையை இது செய்கிறது. மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான திரவம் வெளியே கசியாமல் காக்கிறது. பந்து கிண்ணத்தை விட்டு நழுவாமல் பிடித்துக்கொள்கிறது.

இந்த வளையத்தில் நரம்பு நுனிகள் இருப்பதால் கிழிந்தால் வலிக்கும். ரத்த ஓட்டம் வெளி ஓரத்தில் ஓரளவு உண்டு. உள் ஓரத்தில் மிகக் குறைவு. ஆகவே தோலில் பட்ட காயம் போல் இது தானாக எளிதில் ஆறுவதில்லை. ஆனால் கிழிசல் ஆறாவிட்டாலும் வலி அடங்குவது உண்டு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போவது தெளிவாகப் புரியும்.

ஏன் கிழிகிறது?

முதற் காரணம் எலும்பின் அமைப்பு. சிலருக்குப் பந்தின் கழுத்துப் பகுதியில் எலும்பு சற்றுப் புடைத்திருக்கும். சிலருக்குக் கிண்ணத்தின் விளிம்பு அளவுக்கு மேல் நீண்டிருக்கும். இப்படிப்பட்டவர்கள் முழங்காலை மார்பை நோக்கி மடக்கும்போதும், மடக்கிய காலை உள்பக்கம் திருப்பும்போதும் இரண்டு எலும்புகளுக்கும் இடையில் ஜவ்வு நசுங்குகிறது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரைச் சேர்ந்த ரெய்ன்ஹோல்ட் கான்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் இந்த நசுங்கலை 2003இல் விரிவாக விளக்கி எழுதினர். அதன் பிறகே உலகெங்கும் மருத்துவர்கள் இதைத் தேடிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

இரண்டாவது, பிறவியிலேயே கிண்ணம் ஆழமில்லாமல் இருப்பது. அப்போது பளு முழுவதும் விளிம்பில் விழுகிறது.

மூன்றாவது அடிபடுதல். வண்டியிலிருந்து விழுவது, கால் வழுக்கி அகல விரிவது போன்றவை.

நான்காவது, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது. ஒரு காலை ஊன்றிக்கொண்டு உடம்பைத் திருப்பும் விளையாட்டுக்காரர்களிடமும் நடனக்காரர்களிடமும் இது அதிகம். அமெரிக்கப் பாடகி லேடி காகா 2013இல் இதே கிழிசலால் தமது கச்சேரிப் பயணத்தின் மீதியை ரத்து செய்துவிட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். தோளில் மூட்டையோடு நின்ற இடத்திலேயே உடம்பைத் திருப்பி லாரியில் அடுக்கும் நம் சுமைத் தொழிலாளியின் மூட்டிலும் அதே திருகல்தான் விழுகிறது, அதுவும் பளுவோடு.

ஐந்தாவது வயது. மூட்டு தேயத் தேய விளிம்பு ஜவ்வும் நைந்துபோகிறது.

அறிகுறிகள்

வலி தொடை இடுக்கில் ஆழத்தில் இருக்கும். விரலால் அழுத்தித் தொட முடியாது. சிலருக்குப் பக்கவாட்டிலும் புட்டத்திலும் தெரியும். ‘எங்கே வலிக்கிறது?’ என்று கேட்டால் நோயாளி கட்டைவிரலைப் பின்பக்கமும் மற்ற விரல்களை முன்பக்கமும் வைத்து, பக்கவாட்டில் இடுப்பைக் கவ்விப் பிடித்துக் காட்டுவார். மருத்துவர்கள் இதை ஒரு முக்கியமான அடையாளமாகக் கொள்கிறார்கள்.

நெடுநேரம் தாழ்வான இருக்கையில் இருந்துவிட்டு எழும்போது சுரீரென்று வலிக்கும். காரில் ஏறி இறங்கும்போதும், சம்மணமிட்டு அமரும்போதும், குத்துக்காலிட்டு உட்காரும்போதும், செருப்போ காலுறையோ மாட்டும்போதும் வலி கூடும். சிலருக்கு மூட்டுக்குள் ‘டக்’ என்று சொடுக்குவது போலவோ, பிடித்துக்கொண்டு விடுபடுவது போலவோ இருக்கும். வலியில்லாமல் வெறும் சத்தம் மட்டும் வந்தால் பெரும்பாலும் கவலைப்பட வேண்டியதில்லை.

வேறு எந்த நோய்கள் இப்படி வரும்?

சரக்கு ஒன்று போலத் தோன்றினாலும் ரகம் வேறாக இருப்பதை நாம் அறிவோம். இங்கும் அப்படியே.

முதுகுத்தண்டின் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தினால் வலி பெரும்பாலும் புட்டத்திலிருந்து பின்தொடை வழியாக முழங்காலுக்குக் கீழே இறங்கும், மரத்துப்போதலும் இருக்கலாம். குடலிறக்கமானால் தொடை இடுக்கில் வீக்கம் தெரியும். இருமினாலும் பளு தூக்கினாலும் புடைக்கும். சிறுநீரகக் கல்லின் வலியும் தொடை இடுக்குக்கு இறங்குவதுண்டு. பக்கவாட்டில் எலும்பு துருத்தும் இடத்தில் தொட்டால் வலித்து, அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியவில்லை என்றால் அது பெரும்பாலும் மூட்டுக்கு வெளியே உள்ள தசைநாரின் கோளாறு. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு மூட்டுத் தேய்மானமே காரணமாக இருக்கும் வாய்ப்பு அதிகம்.

கவனமாக நினைவில் கொள்ள வேண்டியது இன்னொன்று: பந்துக்கு ரத்த ஓட்டம் தடைப்பட்டு எலும்பு செத்துப்போகும் நோய். நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்து எடுத்தவர்களுக்கும் மது மிகுதியாக அருந்துபவர்களுக்கும் இது வரலாம். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். ஆகவே இவ்விரு பழக்கங்களையும் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

விழுந்தபின் காலை ஊன்ற முடியாமை, மூட்டு வலியோடு காய்ச்சல், இரவில் தூங்கவிடாத வலியோடு எடை குறைதல் ஆகிய மூன்றில் எது இருந்தாலும் நாள் கடத்தாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எலும்பு முறிவு, சீழ் கட்டுதல், காசநோய், கட்டி போன்றவற்றை முதலில் விலக்கியாக வேண்டும்.

பரிசோதனை முறை

முதலில் மருத்துவரின் கை. நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மார்பை நோக்கி மடக்கி, காலை உள்பக்கம் சாய்த்துத் திருப்பிப் பார்ப்பார். அப்போது தொடை இடுக்கில் வழக்கமான அதே வலி வந்தால் மூட்டுக்குள் கோளாறு இருக்கலாம் என்று ஊகிப்பார். இந்தச் சோதனை கிழிசல் என்று உறுதி செய்யாது. மூட்டைச் சந்தேகிக்கச் சொல்லும். நடையையும், இரண்டு பக்க அசைவின் அளவையும், முதுகையும் சேர்த்தே பார்ப்பார்.

இரண்டாவது எக்ஸ்ரே. இதில் ஜவ்வு தெரியாது. ஆனால் எலும்பின் புடைப்பு, கிண்ணத்தின் ஆழம், தேய்மானம் ஆகியவை தெரியும். செலவு குறைந்த இந்தப் படத்தை எடுக்காமல் நேரே எம்.ஆர்.ஐ.க்குப் போவது சரியல்ல.

மூன்றாவது எம்.ஆர்.ஐ. மூட்டுக்குள் மருந்து நீரைச் செலுத்தியபின் எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் சிறு கிழிசலும் நன்றாகத் தெரியும். இப்போதுள்ள உயர்திறன் கருவிகளில் மருந்து செலுத்தாமலேயே தெளிவான படம் கிடைப்பதுண்டு. எது தேவை என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

நான்காவது ஊசிச் சோதனை. ஸ்கேன் அல்லது எக்ஸ்ரே கருவியின் துணையோடு மூட்டுக்குள் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துவார்கள். அடுத்த சில மணி நேரம் வலி அடங்கினால் வலி பிறப்பது மூட்டுக்குள்தான் என்று தெரியும். அடங்கவில்லை என்றால் வேறு இடத்தில் தேட வேண்டும்.

படம் மட்டும் போதாது

இந்தக் கட்டுரையின் சாரமே இதுதான். அமெரிக்காவில் 2012இல் வெளியான ஓர் ஆய்வில், இடுப்பு மூட்டில் எந்த வலியும் இல்லாத 45 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 69 சதவீதம் பேருக்கு லேப்ரம் கிழிசல் இருந்தது! அவர்கள் யாரும் நோயாளிகள் அல்லர்; ஓடியாடித் திரிந்துகொண்டிருந்தவர்கள்.

அப்படியானால் ரிப்போர்ட்டில் ‘கிழிசல்’ என்று எழுதியிருப்பதாலேயே நம் வலிக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. மூட்டையின் மேல் ஒட்டிய சீட்டை மட்டும் பார்த்து நாம் சரக்கை எடுப்பதில்லை. மூட்டையைக் குத்தி, மாதிரியைக் கையில் கொட்டி, முகர்ந்து, கடித்துப் பார்த்த பிறகே விலை பேசுகிறோம். நோயாளி சொல்லும் வலி, மருத்துவரின் கைச் சோதனை, படம் ஆகிய மூன்றும் ஒத்துவந்தால்தான் நோய் இன்னதென்று முடிவு செய்ய முடியும்.

நான் நேரில் அறிந்த இரண்டு வியாபாரிகளைச் சொல்கிறேன். ஒருவர் மளிகைக் கடைக்காரர், வயது 44. ‘இடுப்பு வலி’ என்று சொல்லியே இரண்டு ஆண்டுகள் முதுகுக்கு பெல்ட் போட்டார். இழுவைச் சிகிச்சையும் எடுத்தார். குணமில்லை. பிறகு ஒரு மருத்துவர், ‘வாயால் சொல்ல வேண்டாம், கையால் காட்டுங்கள்’ என்றாராம். இவர் தொடை இடுக்கைக் காட்டினார். மூட்டில் கிழிசல் இருந்தது. பயிற்சியும் இருக்கை மாற்றமுமாக நான்கு மாதத்தில் அறுவையில்லாமல் தேறினார்.

மற்றவர் எண்ணெய் வியாபாரி, வயது 58. அவருக்கு எம்.ஆர்.ஐ.யில் கிழிசல் தெரிந்தது. அறுவைக்கு நாள் குறித்து, கடைக்குப் போட வைத்திருந்த பணத்தையும் எடுத்து வைத்துவிட்டார். வேறொரு மருத்துவரிடம் கேட்டபோது ஊசிச் சோதனை செய்தார்கள். வலி சற்றும் குறையவில்லை. முதுகு நரம்பே காரணம் என்று பின்னர் தெரிந்தது. முதலாமவருக்கு மூட்டை யாரும் பார்க்கவில்லை. இரண்டாமவருக்கு மூட்டின் படத்தை மட்டுமே பார்த்தார்கள்.

சிகிச்சை: படிப்படியாக

முதற்படி, வலியைத் தூண்டும் அசைவுகளைக் குறைப்பது. படுத்தே கிடக்க வேண்டாம், நடக்கலாம். ஆழமாக மடக்குவதையும், ஊன்றிய காலில் திரும்புவதையும் சில வாரங்கள் தவிர்க்க வேண்டும்.

வலி மாத்திரையைக் குறைந்த நாட்களுக்கு, மருத்துவர் சொன்ன அளவில் மட்டும் எடுக்க வேண்டும். மருந்துக் கடையில் பெயர் சொல்லி வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வழக்கம் நம்மவர்களிடம் அதிகம். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண் உள்ளவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் இது பெரும் ஆபத்து.

இரண்டாம் படி, இயன்முறைப் பயிற்சி. புட்டத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் வலுப்பட்டால் மூட்டின் மேல் விழும் சுமை குறையும். இதைச் சுமார் மூன்று மாதம் விடாமல் செய்து பார்க்க வேண்டும். நாலு நாள் செய்துவிட்டு ‘பலனில்லை’ என்று சொல்வது நியாயமல்ல. வலியோடு காலை இழுத்து மடக்கும் பயிற்சிகள் கிழிசலுக்கு ஆகாது. ஆகவே தேர்ந்த இயன்முறை மருத்துவரிடமே கற்க வேண்டும்.

மூன்றாம் படி, மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி. சில வாரங்களோ மாதங்களோ வலி தணிந்து பயிற்சி செய்ய இடம் கிடைக்கும். இது கிழிசலை ஒட்டவைக்காது. சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நான்காம் படி, நுண்துளை அறுவை சிகிச்சை. மயக்க மருந்து கொடுத்து, காலை இழுத்துப் பிடித்து மூட்டில் சிறு இடைவெளி உண்டாக்கி, இரண்டு மூன்று சிறு துளைகள் வழியாகக் கேமராவையும் கருவிகளையும் செலுத்துவார்கள். கிழிந்த ஜவ்வை எலும்போடு தைத்துச் சேர்ப்பார்கள்; தைக்க முடியாத நைந்த பகுதியை மட்டும் சீவிவிடுவார்கள். எலும்புப் புடைப்பு இருந்தால் அதையும் செதுக்க வேண்டும். புடைப்பை விட்டுவிட்டு ஜவ்வை மட்டும் தைத்தால் மீண்டும் நசுங்க வாய்ப்புண்டு.

பிறகு சில வாரங்கள் ஊன்றுகோல் தேவை. கல்லாவில் உட்காரும் வேலைக்கு விரைவில் திரும்பலாம். மூட்டை தூக்குவதற்கு நான்கு முதல் ஆறு மாதம் ஆகலாம். தொடையில் தற்காலிக மரத்துப்போதல், தொற்று, ரத்தக் கட்டி போன்ற இடர்களும் சிலருக்கு உண்டு.

இதனால் எவ்வளவு பலன்? எலும்பு நசுங்கல் உள்ள 348 நோயாளிகளைப் பிரிட்டனில் 23 மருத்துவமனைகளில் இரு பிரிவாகப் பிரித்து ஆராய்ந்த முடிவு 2018இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு நுண்துளை அறுவை; மறு பிரிவுக்கு முறையான பயிற்சிச் சிகிச்சை. ஓராண்டு கழித்து இரு பிரிவினரும் தேறியிருந்தார்கள். அறுவை செய்தவர்கள் 100க்கு ஏறத்தாழ 7 மதிப்பெண் கூடுதலாகத் தேறியிருந்தார்கள். ஆகவே அறுவை பயனற்றது என்று ஒதுக்கவும் கூடாது. அதுதான் முதல் வழி என்று ஓடவும் கூடாது. பயிற்சிக்குப் பலன் தராத, தேய்மானமில்லாத மூட்டுக்கே அது ஏற்றது.

தேய்ந்த மூட்டுக்கு

எக்ஸ்ரேயில் பந்துக்கும் கிண்ணத்துக்கும் இடையில் 2 மி.மீ.க்கும் குறைவான இடைவெளிதான் இருக்கிறது என்றால் ஜவ்வைத் தைப்பதால் நீடித்த பலன் கிடைப்பது அரிது. கேஸ்கட்டை மாற்றினாலும் பாத்திரமே நெளிந்திருந்தால் ஆவி நிற்காது அல்லவா? டென்னிஸ் வீரர் ஆண்டி மரே 2018 ஜனவரியில் இடுப்பு மூட்டில் அறுவை செய்துகொண்டும் வலி தீரவில்லை. 2019 ஜனவரியில் மூட்டின் மேற்பரப்பில் உலோகம் பொருத்திக்கொண்டார். அதே ஆண்டு அக்டோபரில் ஆன்ட்வெர்ப் போட்டியில் பட்டம் வென்றார். மூட்டு மாற்று அறுவையை 1962 முதல் இங்கிலாந்து மருத்துவர் ஜான் சார்ன்லி நிலைநிறுத்தினார். இன்று அது நன்கு கைவந்த சிகிச்சை. முதிர்ந்த தேய்மானத்தில் அதற்குப் பயந்து சில்லறைச் சிகிச்சைகளில் பணத்தைக் கரைக்க வேண்டாம்.

மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் பாலிசியை இப்போதே எடுத்துப் படிக்கவும். மூட்டு அறுவைகளுக்கு இரண்டு மூன்று ஆண்டு காத்திருப்புக் காலம் வைத்திருப்பது உண்டு. வலி வந்தபின் பாலிசி எடுப்பது, தீப்பிடித்தபின் கிடங்குக்கு இன்ஷ்யூரன்ஸ் கேட்பது போலாகும்.

கடையில் செய்ய வேண்டியவை

1. கல்லா இருக்கை, முழங்காலைவிட இடுப்பு சற்று உயர்ந்திருக்கும்படி அமைய வேண்டும். தாழ்வான முக்காலியும் பள்ளம் விழுந்த சாய்வு நாற்காலியும் ஆகா.

2. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு அடி நடக்கவும்.

3. அடிக்கடி எடுக்கும் சரக்கை இடுப்பு உயரத் தட்டில் வைக்கவும். கீழ்த்தட்டுக்குக் குனிந்து குந்தும் வேலை பாதியாகக் குறையும்.

4. 50 கிலோ சர்க்கரை மூட்டையை ஒருவரே தூக்க வேண்டாம். இருவர் பிடிக்கட்டும், அல்லது தள்ளுவண்டி வாங்கி வையுங்கள்.

5. சுமையோடு திரும்பும்போது உடம்பைத் திருகாமல் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும். இதைச் சுமை தூக்குவோருக்குச் சொல்லிக்கொடுப்பது நம் கடமை. ஒரு தொழிலாளி தொடை இடுக்கு வலி என்று சொன்னால், ‘வேலைக்குச் சுணங்குகிறான்’ என்று எண்ணாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள். நமக்காவது உட்கார்ந்து பிழைக்கக் கல்லா இருக்கிறது. அவருக்கு அந்த மூட்டுதான் முதல்.

மருத்துவரிடம் எழுதிக்கொண்டு போக வேண்டியவை

வலி எங்கே என்று வாயால் மட்டும் சொல்லாமல் கையால் தொட்டுக் காட்டுங்கள். எப்போது தொடங்கியது, எந்த அசைவில் கூடுகிறது, எதில் தணிகிறது, விழுந்தது உண்டா, இதுவரை எடுத்த மாத்திரைகள், ஸ்டீராய்டு, மதுப் பழக்கம், சர்க்கரை அளவு ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பழைய எக்ஸ்ரே படங்களையும் எடுத்துச் செல்லுங்கள்.

அறுவை என்று சொன்னால் மூன்று கேள்விகளை மரியாதையோடு கேளுங்கள். “ஐயா, என் வலியும் படத்தில் உள்ள கிழிசலும் ஒன்றுதான் என்று எப்படி உறுதி செய்தீர்கள்?” “மூட்டில் தேய்மானம் எவ்வளவு இருக்கிறது?” “பயிற்சியை முழுமையாகச் செய்து பார்த்துவிட்டோமா?” நல்ல மருத்துவர் இக்கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார். விடை தெளிவாக இருந்தால் தைரியமாகச் சிகிச்சை செய்துகொள்ளுங்கள். தெளிவில்லை என்றால் இன்னொரு மருத்துவரிடமும் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.